டிபக்கரில் வெக்டரும் மேப்பும் குழம்பித் தெரியும்போது: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு முன்கூடத்தில் மாலை வேளைகளில் சி++ படிக்க வரும் மாணவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஒரே இடத்தில்தான் முதலில் இடறுகிறார்கள். செய்நிரலை வரிவரியாக நிறுத்திப் பார்க்கும் கருவியான டிபக்கரில், நிறுத்தக் குறித்த வரியான பிரேக்பாயின்ட்டில் செய்நிரல் நிற்கிறது. சாதாரண இன்ட் மாறியின் மதிப்பு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் பல மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் வெக்டரை விரித்துப் பார்த்தால், எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களும் முகவரிகளும் அடுக்கடுக்காக இறங்குகின்றன. உடனே எங்கிருந்தோ ஒரு நீளமான அமைப்புக் கோப்பை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அதுவரை ஒன்றாக இருந்த கோளாறு அந்த இடத்தில் இரண்டாகிறது.

இந்தக் கோளாறுக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே தீர்வைவிட, எந்த வரிசையில் சரிபார்க்கிறோம் என்பதே இங்கே முக்கியம். இவ்வழிகாட்டி முதன்மையாக ஜிசிசி கம்பைலரையும் ஜிடிபி என்ற டிபக்கரையும் பற்றியது. கிளாங், விசுவல் ஸ்டூடியோ ஆகியவற்றுக்கு உரிய இடத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்வதுபோலவே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவும்; ஆனால் "-ஓ0", "-ஓ2" ஆகியவற்றின் "ஓ"வும் "_எம்_" என்று தொடங்கும் பெயர்களின் "எம்"மும் பேரெழுத்து.

1. தொடங்குமுன் தேவையானவை

கம்பைல் செய்யும் கட்டளையில் "-ஜி" இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மாறிகளின் பெயரும் வகையும் கோப்பில் எழுதப்படுவதில்லை. பின்னர் எந்த அமைப்பை மாற்றினாலும் பயன் இராது. அதோடு "-ஓ0" என்பதையும் சேருங்கள். "-ஓ2" வைத்துக் கம்பைல் செய்தால் கம்பைலர் சில மாறிகளை நினைவகத்தில் வைக்காமலே வேலையை முடித்துவிடும். அப்போது "ஆப்டிமைஸ்டு அவுட்" என்ற விடை வரும். அது டிபக்கரின் பிழையன்று.

ஜிசிசி, ஜிடிபி இரண்டின் பதிப்பு எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். 5, 6, 7 ஆகிய படிகளில் அவை தேவைப்படும்.

விண்டோஸில் இன்னொரு வேலையும் உண்டு. ஒரே கணினியில் இரண்டு மூன்று ஜிடிபி கிடப்பது மிகச் சாதாரணம்: பழைய ஐடிஇ ஒன்றோடு வந்தது, பின்னர் விண்டோஸுக்கு ஜிசிசி, ஜிடிபி முதலியவற்றைத் தரும் எம்சிஸ்2 தொகுப்பின் மூலம் நிறுவியது என்று. "வேர் ஜிடிபி" என்று கேட்டால், கட்டளைகளைக் கணினி தேடும் அடைவுப் பட்டியலான பாத்தில் உள்ள எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். முதலில் வருவதுதான் ஓடும். பவர்ஷெல்லில் "வேர்" என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப்பெயர் என்பதால் அங்கே "வேர்.ஈஎக்ஸ்ஈ ஜிடிபி" என்று முழுதாகத் தட்ட வேண்டும். ஒன்றுமே வராமல் திரை வெறுமையாக இருப்பதைக் கண்டு, ஜிடிபியே இல்லை என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

2. உங்கள் பெரிய செய்நிரலை ஒதுக்கி வையுங்கள்

ஒப்படைப்புக்காக எழுதிய ஐந்நூறு வரிச் செய்நிரலில் இதைத் தேடக்கூடாது. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகள் உள்ளன அல்லவா, அவற்றை வைத்தே ஒரு சிறு செய்நிரல் எழுதுங்கள்: "கிணறு" என்ற பெயரில் டபுள் வகை வெக்டர் ஒன்று, அதில் ஏழு கற்பனை வெப்பநிலைகள், "மீன்" என்ற பெயரில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் ஒரு டபுளை இணைத்து வைக்கும் மேப் ஒன்று, அதில் பாரை, சூரை, கும்பிளா என மூன்று பதிவுகள், ஊர்ப்பெயரைத் தாங்கும் ஸ்ட்ரிங் ஒன்று. இவற்றைத் திரையில் அச்சிடும் வரியையும் இறுதியில் சேருங்கள்.

விடை முன்கூட்டியே தெரிந்த செய்நிரல் கையில் இருந்தால்தான் டிபக்கர் காட்டுவது சரியா பிழையா என்று ஐயமின்றிச் சொல்ல முடியும். அளவு 7 என்று வரவேண்டிய இடத்தில் வேறெதுவும் வந்தால் அது பிழை.

3. சரியான வரியில்தான் நிற்கிறீர்களா

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் கண்ட இடறல்களில் பாதி இதற்குள் அடங்கும்.

டிபக்கர் நிறத்திட்டுக் காட்டும் வரி இனிமேல் ஓடப்போகும் வரி. ஓடி முடிந்த வரியன்று. வெக்டரை அறிவிக்கும் வரியில் அம்புக்குறி நிற்கும்போது அந்த வெக்டர் இன்னும் பிறக்கவில்லை. ஆயினும் அதற்குரிய இடம், சார்பின் மாறிகள் வைக்கப்படும் நினைவகப் பகுதியான ஸ்டாக்கில் ஒதுக்கப்பட்டிருப்பதால், அதன் பெயரை ஜிடிபி அறியும். அந்த இடத்தில் முன்பு எது கிடந்ததோ அதையே வெக்டர் என நம்பி வாசிக்கும். அதனால் நீளம் கழித்தல் குறியோடு பல இலக்கங்களில் வரலாம், "கேனாட் ஆக்ஸஸ் மெமரி" என்று வரலாம், மேப்பாக இருந்தால் திரை சிறிது நேரம் உறைந்தும் போகலாம்.

மூதூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் இதே அறிகுறியைக் கண்டு, கைத்தொலைபேசி டேட்டாவைச் செலவழித்து கம்பைலரை முழுவதுமாக நீக்கி மறுபடி நிறுவியிருந்தார். மறுநாள் மடிக்கணினியைக் கொண்டுவந்தபோதும் அதே குப்பைதான். "நெக்ஸ்ட்" என்று ஒருமுறை தட்டச் சொன்னேன். ஏழு எண்களும் வரிசையாக வந்து நின்றன.

லூப்பின் உள்ளே அறிவிக்கப்படும் வெக்டர் இதைவிடப் பொல்லாதது. இரண்டாவது சுற்றில் அறிவிப்பு வரியில் நிற்கும்போது, முந்தைய சுற்றில் அழிக்கப்பட்ட வெக்டரின் முகவரிகள் அதே இடத்தில் மிச்சமாக இருக்கும். எனவே பாதி எண்கள் சரியாகவும் முதல் ஓரிரு எண்கள் கெட்டும் தெரியக்கூடும். முழுக் குப்பையை எவரும் சந்தேகிப்பார்கள். பாதி சரியாக இருப்பதைப் பலர் நம்பிவிடுகிறார்கள்.

4. எடிட்டரை மூடிவிட்டு டெர்மினலில் கேளுங்கள்

விஎஸ் கோட் போன்ற எடிட்டருக்கும் உங்கள் மாறிக்கும் இடையில் குறைந்தது மூன்று அடுக்குகள் உள்ளன: எடிட்டரின் நீட்சி, ஜிடிபி, ஜிடிபிக்குள் ஓடி மாறியை மனிதர் வாசிக்கும்படி மாற்றித் தரும் பிரிட்டி பிரிண்டர். எந்த அடுக்கில் கோளாறு என்று தெரியாமல் எடிட்டரின் அமைப்பை மாற்றுவது வீண். ஆகவே டெர்மினலில் நேரடியாக ஜிடிபியைத் திறந்து, "ஸ்டார்ட்" கொடுத்து, அறிவிப்பு வரிகளைக் கடந்தபின் "பிரின்ட் கிணறு" என்று கேளுங்கள்.

நீளம் 7, கொள்ளளவு 7, அடைப்புக்குள் ஏழு எண்கள் என்று வந்தால் ஜிடிபி நலமாக உள்ளது. நேரே 8ஆம் படிக்குச் செல்லுங்கள். "_எம்_இம்ப்ள்" என்று தொடங்கி "_எம்_ஸ்டார்ட்", "_எம்_ஃபினிஷ்", "_எம்_எண்ட்_ஆஃப்_ஸ்டோரேஜ்" என மூன்று முகவரிகள் வந்தால் பிரிட்டி பிரிண்டர் வேலை செய்யவில்லை. அடுத்த படி உங்களுக்கானது. "இன்கம்ப்ளீட் டைப்" என்று வந்தால் 9ஆம் படி. பைதன் பிழைச்செய்தி ஒன்று சிவந்து வந்தால் 7ஆம் படியின் பிற்பகுதி.

அந்த மூன்று முகவரிகளும் உண்மையில் குப்பையல்ல. வெக்டரின் உள்ளமைப்பே அவ்வளவுதான். நியம நூலகத்தை எழுதியவர்கள் தங்களுக்காக வைத்த பெயர்கள் அவை. ஜிடிபி தானாக அவற்றை மனிதருக்கு ஏற்றபடி மாற்றுவதில்லை. மாற்றித் தருவது ஜிசிசியோடு வரும் ஒரு பைதன் கோப்பு. இதை விளங்கிக்கொண்டால் அடுத்த மூன்று படிகளும் ஏன் இந்த வரிசையில் உள்ளன என்பது தானே புரியும்: பைதன் வேண்டும், கோப்பு ஏற வேண்டும், ஏறுவதற்கு அனுமதி வேண்டும்.

5. ஜிடிபிக்குள் பைதன் உண்டா

ஜிடிபிக்குள் "பைதன் பிரின்ட்(7)" என்று தட்டுங்கள். 7 வந்தால் நல்லது. "பைதன் ஸ்கிரிப்டிங் இஸ் நாட் சப்போர்ட்டட்" என்று வந்தால் உங்கள் ஜிடிபி பைதன் இல்லாமல் கட்டப்பட்டது. அதை வைத்துக்கொண்டு மேலே ஒரு படியும் ஏற முடியாது. கணினியில் பைதனைத் தனியாக நிறுவினாலும் இது தீராது, ஏனெனில் ஜிடிபியைக் கட்டும்போதே பைதன் அதற்குள் இணைக்கப்பட வேண்டும். எம்சிஸ்2 தரும் ஜிடிபியில் அது இணைக்கப்பட்டே வருகிறது. உபுண்டுவின் ஜிடிபியிலும் அப்படியே.

6. பிரிண்டர் ஏறியிருக்கிறதா

"இன்ஃபோ பிரிட்டி-பிரிண்டர்" என்ற கட்டளை, ஏறியுள்ள பிரிண்டர்களைப் பட்டியலிடும். அதில் "லிப்எஸ்டிடிசி++-வி6" என்ற தலைப்பும் அதன் கீழ் வெக்டர், மேப் முதலிய பெயர்களும் இருக்க வேண்டும்.

ஆனால் செய்நிரலை ஓட்டுமுன் இதைக் கேட்காதீர்கள். லினக்ஸில் ஜிசிசியின் நியம நூலகமான லிப்எஸ்டிடிசி++ தனிக் கோப்பாக, செய்நிரல் ஓடத் தொடங்கும்போதுதான் நினைவகத்தில் ஏறுகிறது. அது ஏறுவதைக் கண்ட பிறகே ஜிடிபி அதற்குரிய பைதன் கோப்பைத் தேடி எடுக்கும். ஜிடிபியைத் திறந்தவுடன் கேட்டால் பட்டியல் வெறுமையாகத்தான் இருக்கும். "ஸ்டார்ட்" கொடுத்த பின்னர் கேளுங்கள்.

பெயருக்குப் பக்கத்தில் "டிஸேபிள்டு" என்றிருந்தால், யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். "எனேபிள் பிரிட்டி-பிரிண்டர்" போதும்.

7. ஏறவில்லை என்றால் ஏன்

முதற் காரணம், அனுமதி மறுப்பு. ஜிசிசியை மூலநிரலிலிருந்து தாமே கட்டி "/யூஎஸ்ஆர்/லோக்கல்" போன்ற இடத்தில் வைத்தவர்களுக்கு இது நேரும். ஜிடிபி தான் நம்பும் அடைவுகளில் உள்ள பைதன் கோப்புகளை மட்டுமே தானாக ஓட்டும். மற்றவற்றைக் கண்டால் "ஆட்டோ-லோடிங் ஹேஸ் பீன் டிக்ளைன்டு" என்று எச்சரித்துவிட்டு நகர்ந்துவிடும். எந்த வரியை எந்தக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்பதையும் அதே எச்சரிக்கை கீழே எழுதித் தருகிறது. ஆனால் அது திரையில் ஓடி மறைந்துவிடுவதால் யாரும் வாசிப்பதில்லை. வீட்டு அடைவிலுள்ள ".ஜிடிபிஇனிட்" கோப்பில் "ஆட்-ஆட்டோ-லோட்-சேஃப்-பாத்" என்ற கட்டளையோடு அந்த அடைவின் பெயரை எழுதுங்கள். சிலர் சோம்பலில் வெறும் சாய்கோட்டை எழுதி முழுக் கணினியையும் நம்பச் சொல்வார்கள். அப்படிச் செய்தால், பென்டிரைவில் யாரோ தந்த செய்நிரலோடு ஒளிந்து வரும் பைதன் கோப்பும் கேள்வியின்றி ஓடும்.

இரண்டாவது காரணம், நூலகத்தைச் செய்நிரலுக்குள்ளேயே இணைத்துவிடுவது. "-ஸ்டாட்டிக்" வைத்துக் கட்டினால் நூலகம் தனிக் கோப்பாக ஏறுவதில்லை; எனவே அது ஏறுவதைக் கண்டு பைதன் கோப்பைத் தேட ஜிடிபிக்கு வாய்ப்பில்லை. சோதிக்கும் காலத்தில் அந்தச் சொல்லை நீக்கிவிடுவதே எளிய வழி. நீக்க முடியாத நிலையில் மட்டும் பிரிண்டரைக் கையால் பதிவு செய்யலாம். ".ஜிடிபிஇனிட்" கோப்பில் பின்வரும் வரிகள் வேண்டும்:

பைதன்
இம்போர்ட் சிஸ்
சிஸ்.பாத்.இன்சர்ட்(0, '/யூஎஸ்ஆர்/ஷேர்/ஜிசிசி/பைதன்')
ஃப்ரம் லிப்எஸ்டிடிசிஎக்ஸ்எக்ஸ்.வி6.பிரிண்டர்ஸ் இம்போர்ட் ரெஜிஸ்டர்_லிப்எஸ்டிடிசிஎக்ஸ்எக்ஸ்_பிரிண்டர்ஸ்
ரெஜிஸ்டர்_லிப்எஸ்டிடிசிஎக்ஸ்எக்ஸ்_பிரிண்டர்ஸ்(நன்)
எண்ட்

மேலுள்ள அடைவு உபுண்டு 22.04இல் உள்ளபடி. உங்கள் கணினியில் "பிரிண்டர்ஸ்.பிஒய்" என்ற கோப்பைத் தேடி, அது எந்த அடைவில் "லிப்எஸ்டிடிசிஎக்ஸ்எக்ஸ்/வி6" என்பதன் கீழ் இருக்கிறதோ அந்த மேலடைவை எழுதுங்கள். "நன்" என்பதன் முதலெழுத்து மட்டும் பேரெழுத்து. வரிகளின் தொடக்கத்தில் ஓர் இடைவெளிகூட விடாதீர்கள். பைதன் அதைத் தவறாகவே எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பழைய பிரிண்டர் கோப்பு. பழைய பக்கங்களிலிருந்து எடுத்த கோப்பு பைதன் 2இன் இலக்கணத்தில் எழுதப்பட்டிருக்கும். இன்றைய ஜிடிபிக்குள் இருப்பதோ பைதன் 3. அது முதல் வரிகளிலேயே பிழைபட்டு நின்றுவிடும். ஜிசிசி 5 வந்தபோது ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பும் மாறியது. அதற்கு முந்தைய பிரிண்டருக்குப் புதிய ஸ்ட்ரிங்கை அடையாளம் தெரியாது. கம்பைலரோடு வந்த கோப்பையே பயன்படுத்துங்கள்.

தேவையில்லாமல் கையால் பதிவு செய்தவர்களுக்கு வரும் செய்தி வேறு: "பிரிட்டி-பிரிண்டர் ஆல்ரெடி ரெஜிஸ்டர்டு". ஏற்கெனவே தானாக ஏறியதை மறுபடி ஏற்றியதால் வருவது அது. தொடக்கத்தில் சொன்ன நகலெடுத்து ஒட்டும் பழக்கத்தின் விளைவு பெரும்பாலும் இந்த வடிவில்தான் வெளிப்படும். ஒட்டிய வரிகளை அழியுங்கள்.

8. டெர்மினலில் சரி, எடிட்டரில் சரியில்லை

எடிட்டர்கள் ஜிடிபியோடு பேசுவது நாம் தட்டும் கட்டளைகளால் அன்று. எம்ஐ எனப்படும் தனி வழியால். அந்த வழியில் பிரிட்டி பிரிண்டிங் இயல்பாக அணைந்திருக்கும். தொடக்கத்திலேயே அதைக் கேட்டுப் பெற வேண்டும். விஎஸ் கோடில் "லாஞ்ச்.ஜேசன்" கோப்பிலுள்ள "செட்அப்கமாண்ட்ஸ்" பகுதியில் "-எனேபிள்-பிரிட்டி-பிரிண்டிங்" என்ற வரி இருக்க வேண்டும். கோப்பை எடிட்டரே உருவாக்கித் தந்திருந்தால் அது பெரும்பாலும் இருக்கும். நண்பரிடம் வாங்கி ஒட்டிய கோப்பில் விடுபட்டிருக்கும்.

அதே கோப்பில் "எம்ஐடிபக்கர்பாத்" எந்த ஜிடிபியைச் சுட்டுகிறது என்றும் பாருங்கள். டெர்மினலில் எம்சிஸ்2இன் ஜிடிபி ஓட, எடிட்டர் மட்டும் பைதன் இல்லாத பழையதை ஓட்டிக்கொண்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முதற் படியில் "வேர்" கட்டளை காட்டிய முகவரியை இங்கே முழுமையாக எழுதுங்கள்.

9. "இன்கம்ப்ளீட் டைப்" என்று வந்தால்

இது ஜிசிசிக்குப் பதிலாகக் கிளாங் கம்பைலரைப் பயன்படுத்துவோருக்கு உரியது. டிபக் தகவலின் அளவைக் குறைப்பதற்காக, நூலகத்தில் ஏற்கெனவே இருக்கும் என்று கருதும் வகைகளின் விவரத்தைக் கிளாங் எழுதாமல் விட்டுவிடும். நூலகத்தின் டிபக் தகவலோ உங்கள் கணினியில் நிறுவப்பட்டிருக்காது. ஸ்ட்ரிங்தான் இதில் முதலில் அகப்படும். "-எஃப்ஸ்டாண்ட்அலோன்-டிபக்" என்பதைச் சேர்த்துக் கம்பைல் செய்தால் தீரும்.

"-எஸ்டிடிலிப்=லிப்சி++" என்று கொடுத்து வேறு நூலகத்தைப் பயன்படுத்தினால் வகைகளின் பெயரே "எஸ்டிடி::__1" என்று மாறிவிடும்; ஜிசிசியின் பிரிண்டர்கள் அவற்றைத் தொடமாட்டா. அந்நிலையில் எல்எல்டிபி என்ற டிபக்கரைப் பயன்படுத்துங்கள். நியமக் கொள்கலன்களைக் காட்டும் வசதி அதற்குள்ளேயே உண்டு.

10. விசுவல் ஸ்டூடியோவில்

இங்கே பைதன் இல்லை. "நாட்விஸ்" கோப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஒவ்வொரு கொள்கலனை விரிக்கும்போதும் அடியில் "ரா வியூ" என்றொரு கிளை இருப்பது இயல்பு. எல்லாமே உள்ளமைப்பாகவே தெரிந்தால், டூல்ஸ், ஆப்ஷன்ஸ், டிபக்கிங் வழியே சென்று "ஷோ ரா ஸ்ட்ரக்சர் ஆஃப் ஆப்ஜெக்ட்ஸ்" என்ற பெட்டியில் யாரோ குறியிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அது சரியென்றால், ரிலீஸ் கட்டமைப்பில் ஓட்டவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

11. எதுவும் கைகொடுக்காத இடத்தில் கையால் வாசிப்பது

வேறொருவரின் சேவையகத்தில், எதையும் நிறுவும் உரிமை இல்லாமல் வேலை செய்ய நேரிடும். அப்போது வெக்டரை இப்படி வாசிக்கலாம். "_எம்_ஃபினிஷ்" முகவரியிலிருந்து "_எம்_ஸ்டார்ட்" முகவரியைக் கழியுங்கள். கன்னியாக் கிணறுகளுக்கு வித்தியாசம் பதினறும (ஹெக்ஸ்) எண்ணில் 38 வரும். அது பதின்மத்தில் 56. ஒரு டபுளுக்கு 8 பைட் என்பதால் 56ஐ 8ஆல் வகுக்க 7. ஜிடிபியிலேயே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வகுத்த விடையான 7 நேரடியாகக் கிடைக்கும். பின்னர் "பிரின்ட் *கிணறு._எம்_இம்ப்ள்._எம்_ஸ்டார்ட்@7" என்று கேட்டால் ஏழு எண்களும் வரும்.

மேப்பை இப்படி வாசிப்பது நடைமுறையில் ஆகாத காரியம். அது சிவப்பு-கறுப்பு மரமாக அடுக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு முனையாக இடமும் வலமும் இறங்க வேண்டும். "_எம்_நோட்_கவுன்ட்" பார்த்து எத்தனை பதிவு என்று அறியலாம். அதற்குமேல், மேப்பை வாங்கி எல்லாவற்றையும் அச்சிடும் சிறு சார்பு ஒன்றைச் செய்நிரலுக்குள்ளேயே எழுதி, ஜிடிபியிலிருந்து "கால் காட்டு(மீன்)" என்று அழைப்பதே விரைவானது. செயலிழந்த செய்நிரலின் நினைவகப் படியான கோர் கோப்பில் இது நடவாது. சார்பை ஓட்டுவதற்கு அங்கே உயிருள்ள செய்நிரல் இல்லை.

"கிணறு.சைஸ்()" அல்லது "கிணறு[0]" என்று கேட்டு "மே பி இன்லைன்டு" என்றோ, செயற்குறியைக் காணவில்லை என்றோ விடை பெற்றவர்களும் இங்கே வருவார்கள். டெம்ப்ளேட்டின் உறுப்புச் சார்புகள் செய்நிரலில் பயன்படுத்தப்பட்டால் மட்டுமே உருவாகின்றன. நீங்கள் எங்கும் அழைக்காத சைஸ் சார்பு, ஓடும் கோப்பில் இல்லவே இல்லை. சோதனைக்காக மட்டும் கோப்பின் இறுதியில் "டெம்ப்ளேட் கிளாஸ் எஸ்டிடி::வெக்டர்<டபுள்>;" என்று எழுதினால் எல்லா உறுப்புகளும் உருவாகிவிடும்.

12. சரியாக இருந்தும் பிழைபோலத் தோன்றுபவை

பெரிய வெக்டரில் 200 உறுப்புகளுக்குப் பின் மூன்று புள்ளிகள் வருவது ஜிடிபியின் இயல்பான எல்லை. "செட் பிரின்ட் எலிமென்ட்ஸ் 0" என்றால் எல்லை நீங்கும்.

தமிழ் எழுதும் நமக்கே உரிய ஒன்றும் உண்டு. "திருகோணமலை" என்ற ஸ்ட்ரிங்கின் நீளம் டிபக்கரில் 30 என்று வரும். எண்ணிப் பார்த்தால் ஆறு எழுத்து. யூனிகோடில் உயிர்மெய்யின் குறி தனியாக நிற்பதால் பத்துக் குறியீடுகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட். ஸ்ட்ரிங்கின் நீளம் பைட்டில் எண்ணப்படுவது. சில விசைப்பலகைகள் ஓகாரக் குறியை இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்து எழுதும். அப்போது 33 வரும். அதுவும் பிழையன்று.

அதே ஸ்ட்ரிங், எழுத்துகளாக வராமல் \340\256\244 என்று தொடங்கினால், அது "த" என்ற எழுத்தின் மூன்று பைட்டுகள் எண்மத்தில் எழுதப்பட்ட வடிவம். ஜிடிபி தொடங்கிய டெர்மினலின் மொழி, எழுத்து அமைப்பான லொக்கேல் யூடிஎஃப்-8 ஆக இல்லை என்பதே காரணம். "ஷோ சார்செட்" என்று கேட்டு உறுதிசெய்து, டெர்மினலின் "லாங்" மாறியை யூடிஎஃப்-8க்கு மாற்றி, ஜிடிபியை மூடித் திறவுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஜிடிபி, வெளியே மாற்றிய லொக்கேலை அறியாது.